பூ உதிர்ந்த ஆர்க்கிட்டைத் தூக்கி எறியாதீர்கள்

திண்டுக்கல் பக்கம் புதுமனை புகுவிழா, திருமண நாள், பணி ஓய்வு என்று எது வந்தாலும் ஆர்க்கிட் தொட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வெள்ளையோ ஊதாவோ, வரிசையாகப் பூத்து நிற்கும். இரண்டு மாதம் வரவேற்பறையில் அழகாக இருக்கும். கடைசிப் பூவும் உதிர்ந்ததும் தொட்டி கொல்லைப்புறம் போகும். சித்திரை வெயிலில் இலை வெந்து, அதோடு கதை முடியும். அந்தச் செடிக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பத்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய செடி. சமவெளியில் அதை மறுபடி பூக்க வைப்பது கொஞ்சம் கடினம்தான், ஆனால் முடியும். புதிதாக வளர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது எந்த ஆர்க்கிட் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அகலமான, தடித்த இலைகள் தரையை ஒட்டி இரண்டு பக்கமும் விரிந்து, தண்டே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அது ஃபலனாப்சிஸ். கரும்பு மாதிரிக் கணுக்கணுவான தண்டுகள் பல சேர்ந்து நின்று, அவற்றின் நுனிப்பக்கம் பூத்திருந்தால் அது டென்ட்ரோபியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த யோசனையையும் கேட்காதீர்கள். முதலாவது செடியைப் பூக்க வைக்கும் வழி இரண்டாவதற்குப் பொருந்தாது. நீங்களே காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் டென்ட்ரோபியத்தையே வாங்குங்கள். தாய்லாந்தில் உருவாகிப் பெயர் வாங்கிய 'சோனியா' போன்ற கலப்பினங்கள் வெப்பத்தைத் தாங்கும். நம் ஊரிலேயே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைகூடப் பூக்கும். பரிசாக வந்தது ஃபலனாப்சிஸ் என்றாலும் கவலை வேண்டாம். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

2. பூ உதிர்ந்ததும் கத்தரிக்கோலைத் தேடி ஓடாதீர்கள். ஃபலனாப்சிஸின் பூந்தண்டு பச்சையாக இருந்து, செடியில் நாலைந்து நல்ல இலைகளும் இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளைத்துச் சில பூக்கள் வரக்கூடும். தண்டு மஞ்சளாகிக் காய்ந்திருந்தால் அடியோடு எடுத்துவிடலாம். இலை இரண்டுதான், அதுவும் துவண்டிருக்கிறது என்றால் தண்டு பச்சையாக இருந்தாலும் அடியோடு வெட்டிவிடுங்கள். அந்தச் செடி முதலில் உடம்பு தேற வேண்டும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் தீயில் காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்க்கிட் வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. அது வெட்டுக்கருவி வழியாகப் பரவும்.

3. எந்த ஜன்னல் நல்லது என்பதற்கு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். அங்கே சூரியன் வருடம் முழுவதும் தெற்கே நிற்கும். திண்டுக்கல் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பத்தரை டிகிரிக்குள். சித்திரை தொடக்கத்தில் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேல் வரும். அதன்பிறகு ஆவணி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வெயில் வராது என்று நம்பி வடக்கு ஜன்னலில் வைத்த செடியின் இலை வைகாசியில் கருகுவது இதனால்தான். ஐப்பசிக்குப் பிறகு வெயில் தெற்குப் பக்கம் சாய்ந்து வரும், தாழ்வாரத்துக்குள்ளும் நுழையும். ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவையாவது செடியை இடம் மாற்ற வேண்டியிருக்கும். எல்லா மாதத்துக்கும் ஒத்துவருவது கிழக்குப் பார்த்த ஜன்னல் அல்லது கிழக்குத் தாழ்வாரம். காலை எட்டு, எட்டரை வரை இளவெயில் படலாம், அதன்பின் நிழல். டென்ட்ரோபியத்துக்கு இதைவிட அதிக வெளிச்சம் வேண்டும். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் பச்சை நிழல்வலைக்குக் கீழே மாடியில்கூட வைக்கலாம்.

வெளிச்சம் போதுமா என்று இலையே சொல்லும். கரும்பச்சையாக, தொங்கலாக இருந்தால் போதவில்லை. பார்ப்பவர்கள் "இலை எவ்வளவு செழிப்பு" என்று பாராட்டுவார்கள். பூக்காத செடிகளில் பலவற்றுக்கு இந்தச் செழிப்பான கரும்பச்சைதான் நிறம். இளம்பச்சையாக, நிமிர்ந்து இருந்தால் சரி. விளிம்பில் செம்மை படர்ந்தால் இன்னும் கொஞ்சம் நிழல் கொடுங்கள்.

4. தண்ணீர் ஊற்ற நாள்கணக்கு வைக்காதீர்கள், வேரைப் பாருங்கள். இவை காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழும் செடிகள். மண் அவற்றுக்குத் தெரியாது. வேரைச் சுற்றித் தண்ணீரை உறிஞ்சும் தடித்த மேலுறை ஒன்று உண்டு. காய்ந்தால் அது வெள்ளி நிறமாகும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். வேர் வெள்ளியாக மாறியபின் ஊற்றுங்கள், பச்சையாக இருக்கும்போது தொடாதீர்கள். சித்திரையில் இது ஒருநாள் விட்டு ஒருநாளாக வரலாம், கார்த்திகை அடைமழையில் பத்து நாளைக்கு ஒருமுறைகூட வரலாம். காலையில் ஊற்றுங்கள். ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். ஒரே இரவில் குருத்து அழுகிவிடும். குருத்து போனால் அந்தச் செடி பெரும்பாலும் பிழைக்காது.

5. எந்தத் தண்ணீர் என்பது எவ்வளவு தண்ணீர் என்பதைவிட முக்கியம். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம் வேரிலும் படியும். படிந்தால் வேர்நுனி கருகும். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. மற்றவர்கள் மழைநீரைப் பிடியுங்கள். பத்தடிக்குப் பத்தடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொண்ணூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையை டிரம்மில் பிடித்து, கொசு முட்டையிடாதபடி துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு டிரம் நிறைந்துவிட்டால் நாலைந்து தொட்டிகளுக்குக் கோடை வரைக்கும் கணிசமாகத் தாங்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீரும் உப்பில்லாததுதான், சுத்தமான வாளியில் பிடித்தால் பயன்படுத்தலாம். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

6. வரும்போதே பாசியில் அடைத்து வந்த செடியை அப்படியே வருடக்கணக்கில் விடக்கூடாது. பூ முடிந்து, புது வேர்நுனி பச்சையாக எட்டிப்பார்க்கும்போது மாற்றுங்கள். கரித்துண்டு, உடைந்த ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டைத் துண்டை ஒரு வாரம் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றிக் கறையும் உப்பும் போனபின் சேருங்கள். நம் வறண்ட காற்றுக்கு வெறும் கரி சீக்கிரம் காய்ந்துபோகும், மட்டை கலந்தால் ஈரம் நிற்கும். பக்கத்திலெல்லாம் துளையிட்ட மண்சட்டி நல்லது. செம்மண், தொழுஉரம், எரு எதுவும் வேண்டாம்.

7. ஆடிக்காற்றை மறக்காதீர்கள். பழனி மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கும் நமக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழை குறைவு, காற்றுதான் அதிகம். ஆர்க்கிட்டின் இலைத்துளைகள் திறப்பது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தில் காற்று வறண்டிருந்தால் செடி சுருங்கும். மேற்குப் பக்கம் மறைப்பு கொடுங்கள். அகலமான தட்டில் ஜல்லி பரப்பித் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடி தண்ணீரில் படாதபடி மேலே வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் செடி வளர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடாமல் இருந்தால் போதும்.

8. உரம்: தண்ணீரில் கரையும் 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, செடி வளரும் ஆடி முதல் ஐப்பசி வரை. நாலாவது வாரம் வெறும் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். காய்ந்த வேருக்கு உரநீர் கூடாது. முதலில் நனைத்துவிட்டு அரைமணி கழித்துக் கொடுங்கள். பூக்க வைக்கும் மருந்து என்று விற்கும் எதையும் நம்பி வாங்க வேண்டியதில்லை. ஃபலனாப்சிஸைப் பூக்க வைப்பது என்ன என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

9. இதுதான் முக்கியமானது, பொறுமையாகப் படியுங்கள். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மார்கழி இரவில் செடியை மொட்டை மாடியில் வைத்துவிட்டு, பனி பட்டால் பூத்துவிடும் என்று காத்திருப்பார்கள். பூக்காது. காரணம் வெகுநாள் தெளிவாகவில்லை. 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளான்சார்ட், ரங்கில் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பகலும் இரவும் வெவ்வேறு வெப்பநிலைகளில் ஃபலனாப்சிஸ் செடிகளை இருபது வாரம் வைத்துப் பார்த்தார்கள். பகல் 23 டிகிரியும் இரவு 17 டிகிரியும் இருந்த செடிகளில் மிகப் பெரும்பாலானவை தண்டு விட்டன. பகல் 29 டிகிரி இருந்த செடிகள், இரவை 17 டிகிரி வரை குளிர்வித்தும், ஒன்றுகூடப் பூந்தண்டு விடவில்லை. பூவைத் தீர்மானிப்பது பகல்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும், போர்வை இல்லாமல் தூங்க முடியாது. ஆனால் பகலில் வெளியே 29, 30 வந்துவிடும். மாடியில் இருக்கும் செடிக்கு அந்த இரவுக் குளிரால் பயனில்லை. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை முடியும்வரை, பகலில் வீட்டிலேயே எங்கே குளிர்ச்சி அதிகம், ஆனால் வெளிச்சமும் உண்டு என்று தேடுங்கள். சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். தரைத்தளத்துக் கிழக்கு ஜன்னல், கிணற்றடி முற்றம், ஓட்டு வீட்டின் உள்தாழ்வாரம் போன்ற இடங்களில் வெளியைவிட மூன்று நாலு டிகிரி குறைந்திருப்பது அரிதல்ல. 26-க்குக் கீழே காட்டும் இடம் கிடைத்தால் அதுதான் உங்கள் செடியின் இடம். கார்த்திகையில் மூட்டம் போட்ட நாட்கள் தொடர்ந்து வந்தால் அது உங்களுக்கு லாபம். வெளிச்சம் இல்லாத இருட்டறையில் குளிர்ச்சி மட்டும் இருந்தும் பயனில்லை.

தை மாதம் காற்று காய்ந்துவிடும். அப்போது ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், குளிர்ச்சியோடு ஈரமும் கொடுக்கும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியோ நனைத்த கோணியோ தொங்கவிட்டாலும் அதே பலன். செடியின் மீது நேராகக் காற்று அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேரில் ஐஸ் கட்டி வைக்கச் சொல்வார்கள். அதனால் பூ வராது. செடியைச் சுற்றியுள்ள காற்றுதான் குளிர வேண்டும்.

10. வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லையா? நமக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து 25 கிலோமீட்டரில், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் சிறுமலை. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கைவிட ஐந்தாறு டிகிரி குறைந்திருக்கும். அங்கே உறவோ சிநேகிதமோ இருந்தால் புரட்டாசித் தொடக்கத்தில் செடியைக் கொண்டுபோய் மரநிழலில், மழை நேராக விழாத இடத்தில் ஆறு வாரம் வைத்துவிட்டு வாருங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களும் இதற்குப் பொருத்தம். தைவான் நாட்டில் வணிகத்துக்காக ஃபலனாப்சிஸ் வளர்த்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். சமவெளியில் வளர்த்த செடிகளை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்த் தண்டு விட்டபின் இறக்கினார்கள். பிறகுதான் குளிரூட்டிய கூடங்கள் வந்தன. கொடைக்கானல் நகரத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே மார்கழி இரவு பத்து டிகிரிக்கும் கீழே போகும். இது வெப்பநாட்டுச் செடி. அந்தக் குளிரில் இலை குழிவிழுந்து கெட்டுப்போகும்.

புரட்டாசி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்டு கண்ணில் பட்டதிலிருந்து பூ விரிய மூன்று நாலு மாதம் ஆகும். மார்கழிக் கடைசியில் தண்டு வந்தால் மொட்டு முற்றும்போது பங்குனி வெயில் பிடித்துக்கொள்ளும். மொட்டு மஞ்சளாகி உதிரும். ஐப்பசியிலேயே தண்டு வந்துவிட்டால் தை, மாசியில் பூவைப் பார்க்கலாம்.

11. இலைக்கு அடியில் புதிதாக ஒன்று நீட்டிக்கொண்டு வரும்போது அது வேரா தண்டா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். நுனி மழமழவென்று உருண்டிருந்தால் வேர். நுனி சற்றுத் தட்டையாக, ஒருபக்கம் மடிந்து கூர்ந்திருந்தால் தண்டு. தண்டுதான் என்று உறுதியானதும் தொட்டியைத் திருப்பாதீர்கள், திருப்பினால் பூக்கள் வரிசை மாறி நிற்கும். மொட்டு விட்டபின் வாழைப்பழம் பக்கத்தில் இருக்கக்கூடாது. சிறுமலையும் விருப்பாச்சியும் புவிசார் குறியீடு வாங்கிய வாழைக்கு உரிய இடங்கள். நம் வீடுகளில் தார் தொங்காத நாள் குறைவு. பழுக்கும் வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும், விரிந்த பூவையும் சுருங்கவைக்கும். தார் ஓர் அறையில் என்றால் ஆர்க்கிட் வேறு அறையில் இருக்கட்டும்.

12. டென்ட்ரோபியம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள். காய்ந்த குச்சி என்று நினைத்து எத்தனையோ பேர் வெட்டிவிடுகிறார்கள். அது பச்சையாகவோ மஞ்சளாகவோ தடித்து இருக்கும்வரை புதுத்தண்டுக்கு நீரும் சத்தும் அதிலிருந்து போகிறது. அதன் நுனிக்கணுவிலிருந்தே மறுபடி பூக்கவும் கூடும். பழுப்பாகி உள்ளே கூடாகிவிட்டால் மட்டும் எடுங்கள். சில நேரம் அந்தத் தண்டின் கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அதற்கு விரல் நீள வேர் வந்தபின் பிரித்துத் தனிச்சட்டியில் வைத்தால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க ஆர்க்கிட் ஆயிற்று. மற்றபடி இதற்குக் குளிர்க்கணக்கு வேண்டாம். நல்ல வெளிச்சமும் கனத்த புதுத்தண்டும் போதும்.

13. மாவுப்பூச்சி இலையிடுக்கில் ஒளியும், கோடையில் சிவப்புச் சிலந்தி இலையின் அடியில் வரும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீறினால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின்.

14. இந்த ஆசை வந்தவர்களுக்கு மலைப்பக்கம் போனால் கை சும்மா இருக்காது. சிறுமலை போன்ற தாழ்ந்த மலைக்காடுகளில் வாண்டா டெசெலாட்டா என்ற ஆர்க்கிட் மரக்கிளைகளில் வளரும். பழுப்புக் கட்டம் போட்ட இதழும் நீலம் கலந்த உதடுமாக, மணமாகப் பூக்கும். பழனி மலையில் இன்னும் எவ்வளவோ வகை. திருச்சி ராபினட் உலர்தாவரகத்தின் பாதிரியார் கே. எம். மேத்யூ 1999-இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரங்கள் பற்றிய மூன்று தொகுதிகளில் அவை பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் பிய்த்து வராதீர்கள். காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். அதோடு, ஆர்க்கிட் விதையில் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். ஒரு செடி கிளையில் வேர்பிடித்துப் பூக்கும் நிலைக்கு வர எத்தனையோ வருடம் போயிருக்கும். சுற்றுலா இடங்களில் சாக்குப்பையில் வேர் தொங்க விற்பவற்றையும் வாங்காதீர்கள். திசு வளர்ப்புச் செடிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. காட்டு வகைகளைப் பார்க்க ஆசையானால் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் கூடத்துக்கோ ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்துக்கோ போய் வாருங்கள்.

15. எல்லாம் செய்தும் மாசி வரை தண்டு வரவில்லை என்றால், கடைசியாக வந்த இலையை அதற்கு முந்தைய இலையோடு அளந்து பாருங்கள். புது இலை பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் செடி தேறிக்கொண்டிருக்கிறது. பகல் குளிர்ச்சி மட்டும்தான் குறைந்திருக்கும். அடுத்த புரட்டாசிக்கு இடத்தை மாற்றுங்கள், அல்லது சிறுமலைக்கு ஏற்றிவிடுங்கள். புது இலை சிறுத்திருந்தால் குறை வேரில் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்து, அமுக்கினால் கூடாக நசுங்கும் வேரையெல்லாம் வெட்டி, புதுக் கரியிலும் மட்டையிலும் வைத்து, இந்த வருடம் பூவைக் கேட்காமல் மழைநீர் மட்டும் கொடுத்து வாருங்கள்.